ஆறு நிமிடம் நாற்பது நொடி

ஐந்தாம் தளத்துப் பயிற்சியறையில்
குளிர் எப்போதும் பதினெட்டு.
உட்லண்ட்ஸ் வெயிலில் வெந்து வந்தவர்கள்
கம்பளிச் சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொள்கிறார்கள்.
பதினொரு விரிவுரையாளர்கள், எட்டு கறிபஃப்,
புதன்கிழமை இரண்டரை மணி.

கற்பிப்பவர்களுக்குக் கற்பிப்பது என் வேலை.
பதவியின் பெயர் அடையாள அட்டையில்
மூன்று வரி ஓடும்.
வீட்டில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று முடித்துக்கொள்வேன்.

திரையில் ஒரு வரைபடம் போட்டேன்.
வெப்ப இயக்கவியல், மூன்றாம் வாரம்,
அருணகிரி வீட்டிலிருந்து பதிவுசெய்த காணொளி.
நூற்று நாற்பத்திரண்டு பேர் பார்த்த கோடு
சமதரையாய் ஓடிவந்து
ஆறு நிமிடம் நாற்பதாவது நொடியில்
புக்கிட் தீமா குன்றுபோல் எழும்பி இறங்குகிறது.

"இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.
அப்படியென்றால் இங்கேதான் புரியவில்லை."
சிவப்புப் புள்ளி உச்சியில் ஏறி நின்று
என் கையோடு சேர்ந்து நடுங்கியது.

சியூ பெங் குறித்துக்கொண்டாள்.
உள்ளுறை வெப்பம் எப்போதுமே கஷ்டம்தான்
என்றாள் ரொஸ்மாவதி.
அனிமேஷன் போடலாம்.
இரண்டாகப் பிரிக்கலாம்.
இருபத்தாறு வருடம்
வெள்ளைப் பலகையில் கொதிகலன்களைக் கொதிக்கவைத்த மனிதர்
காலிக் கோப்பிக் குவளையின் விளிம்பைக்
கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"போட்டுப் பார்ப்போமே" என்றேன்.
நானும் பார்த்ததில்லை.
என் கணக்கில் நானூறு காணொளி;
நான் கோடுகளை மட்டும் பார்ப்பவள்.

அவருடைய நிதானமான ஆங்கிலம்:
நூறு பாகையை எட்டியபின்
எவ்வளவு சூடேற்றினாலும் நீர் மேலே ஏறாது, ஏனென்றால்...
அப்போது
வீவக வீட்டின் கதவு, மின்விசிறி, ஒலிவாங்கி
எல்லாவற்றையும் தாண்டித்
தமிழில் ஒரு குரல்:

"ஏங்க, ரசம் பொங்குது!
கையெல்லாம் ஈரத்துணி எனக்கு.
நூறு டிகிரிய அப்புறம் சொல்லலாம்,
முதல்ல அடுப்ப அணைங்க!"

நாற்காலி இழுபடும் சத்தம்.
பன்னிரண்டு நொடி வெறும் சுவர்,
அதில் ஒரு நாட்காட்டி.
திரும்பி வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்க,
"ஏனென்றால்" என்று அதே இடத்தில் தொடர்கிறார்.

சிரிப்பு ஓய்ந்ததும்
தமிழ் தெரியாதவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
மொழிபெயர்த்தேன்.
என் ஆங்கிலத்தில் ரசம் பொங்கவில்லை,
சும்மா கொதித்தது.

"வெட்டிவிடுகிறேன்" என்றார். காது சிவந்திருந்தது.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

கருத்துப் படிவத்தின் கடைசிக் கேள்வி:
இந்தப் பயிலரங்கின் விளைவாக
உங்கள் கற்பித்தலில் எதை மாற்றுவீர்கள்?
அருணகிரி: அடுப்பை அணைத்துவிட்டு வருவேன்.

மூன்றாம் தளத்து ஒலிபுகா அறையில்,
இஸ்திரி போட்ட சட்டையில்,
புதிதாகப் பதிவுசெய்தார்.
இப்போது கோடு சாங்கி ஓடுபாதை மாதிரி.
"மேம்பாடு" என்று அறிக்கையில் எழுதியது நான்தான்.

தேர்வு முடிந்து
விடைத்தாள்கள் திரைக்கு வந்தன.
திருத்தும் மென்பொருள் மக்கர் பண்ணுகிறதென்று
கூப்பிட்டார், போனேன்.
திறந்து கிடந்தது கேள்வி நான்கு,
பழைய காணொளியைப் பார்த்த வகுப்பு,
யாரோ ஒரு ஜுன் காய் எழுதியிருந்தான்:

ரசம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.
ஆனால் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும்
அது நூறைத் தாண்டாது.
மீதி வெப்பமெல்லாம் ஆவியாகிப் போகும்.

முழு மதிப்பெண்.
பக்கத்தில், போன மாதம் நான் சொல்லிக்கொடுத்த
மஞ்சள் குறிப்புக் கட்டத்தைச்
சரியாகத் திறந்து, சரியாகச் சேமித்து,
அருணகிரி:

உப்பு இருக்கிறதல்லவா,
சற்றே தாண்டும்.